பிராக்யூரி ஆன்டிபாடி கருவில் ஒளிரவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

முழுக் கருவில் ஆன்டிபாடி ஸ்டெயினிங் (ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்று அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் ஒளிரவைத்துப் பார்ப்பது) செய்பவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் ஏழெட்டுதான். கோளாறு வந்ததும் முதலில் பழி விழுவது ஆன்டிபாடி மேல். உடனே புதுக் குப்பிக்கு ஆர்டர் போகிறது. நான் சரிசெய்து கொடுத்தவற்றில் குற்றம் பெரும்பாலும் குப்பியில் இல்லை. கருவை ஃபிக்ஸ் செய்த (ரசாயனத்தால் அப்படியே நிலைக்கவைத்த) நேரத்திலோ, கழுவிய விதத்திலோ, பொருந்தாத செகண்டரியிலோதான் இருந்தது. (புரதத்தைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி பிரைமரி; அந்தப் பிரைமரியைப் பிடிக்கும், சாயம் ஏந்திய இரண்டாவது ஆன்டிபாடி செகண்டரி.) அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முன்னால் வைத்து, காசும் மாதங்களும் தின்கிற வழிகளைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்குச் சுண்டெலிக் கருவில் பிராக்யூரி: கருவின் நடு அடுக்கும் முதுகுநாணும் உருவாகத் தேவையான, உட்கருவில் இருக்கும் புரதம். உட்கருவைக் குறிவைக்கும் எந்த ஆன்டிபாடிக்கும் இதே பாதை பொருந்தும்.

## தொடங்கும் முன்: மூன்று குழாய்கள்

ஒரே ஈற்றுக் கருக்களை ஒன்றாக ஃபிக்ஸ் செய்து மூன்று குழாய்களில் பிரியுங்கள். ஒன்றில் பிராக்யூரி ஆன்டிபாடியும் செகண்டரியும். இரண்டாவதில் செகண்டரி மட்டும். மூன்றாவதில், உங்கள் கையில் ஏற்கெனவே நன்றாக வேலை செய்யும் வேறொரு உட்கருப் புரத ஆன்டிபாடி. சாக்ஸ்2 நல்ல தேர்வு. சாக்ஸ்2 ஒளிர்ந்து பிராக்யூரி ஒளிராவிட்டால் கோளாறு பிராக்யூரி ஆன்டிபாடி பக்கம். இரண்டுமே ஒளிராவிட்டால் ஃபிக்ஸிங், ஊடுருவல், மைக்ராஸ்கோப் ஆகியவற்றில் தேடுங்கள். இந்த மூன்று குழாய் இல்லாமல் வரும் படத்தை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. உதவி கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான்.

எங்கே ஒளிர வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டு உட்காருங்கள். 6.5 நாள் எலிக் கருவில் பின்பக்கம் பிரிமிட்டிவ் ஸ்ட்ரீக் (உடல் அச்சு உருவாகத் தொடங்கும் கோடு) தொடங்கும் இடம். 7.5 நாளில் ஸ்ட்ரீக் முழுவதும், அதன் முன்முனையான நோட், அதிலிருந்து முன்னால் நீளும் கோடு. 8.5, 9.5 நாள்களில் முதுகுநாணும் வால் முனையும். ஜீப்ரா மீனில் சுமார் 5 மணி நேரக் கருவின் விளிம்பில் ஒரு வளையம், பிறகு முதுகுநாண். கோழியில் நான்காம் நிலையில் முழு நீள ஸ்ட்ரீக். முன்மூளையிலும் இதயத்திலும் ஒளிரக் கூடாது. ஒளிர வேண்டிய இடமும் கூடாத இடமும் ஒரே கருவிலேயே இருப்பதால், ஒப்பிட வேண்டியதைக் கரு தன்னோடே கொண்டுவருகிறது.

## அறிகுறி 1: எதுவுமே தெரியவில்லை

முதலில் மைக்ராஸ்கோப். டாபி (எல்லா உட்கருக்களையும் காட்டும் சாயம்) தெரிகிறதா? செகண்டரியின் சாயத்துக்கு ஏற்ற லேசரும் ஃபில்டரும் போட்டிருக்கிறதா? நீர்க்காத செகண்டரியில் ஒரு மைக்ரோலிட்டரைச் சிலைடில் வைத்து அதே அமைப்பில் பாருங்கள். அது ஒளிராவிட்டால் கருவைக் குறை சொல்வதில் பொருளில்லை.

அடுத்தது ஜோடிப் பொருத்தம். பிரைமரி முயலில் செய்ததா, ஆட்டில் செய்ததா, எலியில் செய்ததா என்று லேபிளைப் படியுங்கள். எலி மோனோகுளோனல் (ஒரே செல் வழியில் வந்த ஒரே வகை ஆன்டிபாடி) என்றால் அது ஐஜிஜி வகையா ஐஜிஎம் வகையா என்றும் பாருங்கள். ஐஜிஎம் ஆன்டிபாடி மேல் ஐஜிஜி-யை மட்டும் பிடிக்கும் செகண்டரியைப் போட்டால் இருட்டுதான். சந்தேகம் இருந்தால் மெம்பிரேன் துண்டில் பிரைமரியை ஒரு புள்ளியாக வைத்து, காய்ந்ததும் ப்ளாக் செய்து (கண்டபடி ஒட்டும் இடங்களைச் சீரம் போன்ற புரதத்தால் மூடி), செகண்டரியில் ஊறவைத்துக் கழுவுங்கள். புள்ளி ஒளிர்ந்தால் ஜோடி சரி. ஒரு பிற்பகலில் முடியும் வேலை.

ஃப்ளோரசன்ஸ் இல்லாமல் பெராக்சிடேஸ் முறையில் நிறம் வரவைப்பவர்கள் பஃபரில் சோடியம் அசைடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அசைடு அந்த என்சைமை முடக்கிவிடும்.

கருவின் வயது. ஒரே ஈற்றுக்குள்ளேயே கருக்கள் அரை நாள் முன்பின்னாக இருக்கும். நாள்காட்டியை நம்பாமல் கருவின் வடிவத்தைப் பாருங்கள். சோமைட் (முதுகுநாணின் இருபக்கமும் வரும் திசுக் கட்டிகள்) வந்துவிட்ட கரு என்றால் அவற்றை எண்ணுங்கள். 6.5 நாள் என்று எடுத்த கருவில் ஸ்ட்ரீக் இன்னும் தொடங்கவே இல்லை என்பது அடிக்கடி நடப்பது.

ஆன்டிபாடியின் அளவு. இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. தூய்மைப்படுத்திய ஆன்டிபாடிக்கு 1:500 என்று பழகிய கை, ஹைப்ரிடோமா (ஆன்டிபாடி சுரக்கும் செல்) வளர்ப்பு நீரையும் அப்படியே 1:500 என்று நீர்த்துவிடும். அந்த நீரில் ஆன்டிபாடி மில்லிலிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம்தான் இருக்கும். அதை 1:5, 1:10 என்ற அளவில்தான் போட வேண்டும். விகிதத்தை மறந்துவிட்டு, மில்லிலிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று கணக்குப் போடுங்கள். 1, 2, 5, 10 என்று நான்கு அளவு வைத்துப் பார்த்தால் போதும்.

ஃபிக்ஸிங். பெரும்பாலான இருட்டுக்குக் காரணம் இங்கேதான். 4 சதவீதப் பி.எஃப்.ஏ.வில் (பாராஃபார்மால்டிஹைடில்) இரவு முழுக்க விட்ட கருவில், ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய இடம் குறுக்கிணைப்புகளுக்குள் மூடிப்போகலாம். 7.5 நாள் கருவுக்கு அறை வெப்பத்தில் 20 முதல் 30 நிமிடம், 9.5 நாள் கருவுக்குப் பனிக்கட்டியில் ஒன்றிரண்டு மணி நேரம் என்று தொடங்குங்கள். பி.எஃப்.ஏ. புதிதாகக் கரைத்ததா அல்லது உறையவைத்து ஒரே முறை உருக்கியதா, பி.எச். 7.4 பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஈற்றுக் கருக்களை 15 நிமிடம், 30 நிமிடம், ஒரு மணி, ஓர் இரவு என்று பிரித்து ஒரு முறை ஓட்டிவிட்டால், அந்த ஆன்டிபாடிக்கு எது ஒத்துவரும் என்பது தெரிந்துவிடும். இந்த ஒரு சோதனைக்கு நேரம் ஒதுக்குங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்வேன். அதைத் தள்ளிப்போடுபவர்கள்தான் மூன்றாவது குப்பி வாங்குகிறார்கள்.

மெத்தனால். கருக்களை மெத்தனாலில் போட்டு மைனஸ் 20 டிகிரியில் வைப்பது வசதிதான். ஆனால் சில ஆன்டிபாடிகள் தேடும் வடிவத்தை மெத்தனால் குலைத்துவிடும். பாதிக் கருக்களை மெத்தனாலுக்குக் காட்டாமல் நேரடியாக ஸ்டெயின் செய்து ஒப்பிடுங்கள்.

மூடிய இடத்தைத் திறப்பது. பி.எச். 9 டிரிஸ் பஃபரில் 70 டிகிரியில் 15 நிமிடம் வைப்பது முழுக் கரு தாங்கும் முறை. பாரஃபின் வெட்டுகளுக்கு பி.எச். 6 சிட்ரேட்டில் கொதிநிலைக்கு அருகே சூடாக்குவது வழக்கம்.

இதுவரை எதுவும் பலிக்காவிட்டால் கருவை விட்டுவிட்டு செல்களுக்குப் போங்கள். எலியின் கரு ஸ்டெம் செல்களை சி.எச்.ஐ.ஆர்.99021 என்ற வேதிப்பொருள் கொடுத்து மீசோடெர்ம் (நடு அடுக்கு) பக்கம் திருப்பினால் சில நாள்களில் பிராக்யூரி தோன்றும். தட்டில் ஒற்றை அடுக்காக இருக்கும் செல்களில் ஊடுருவல் பிரச்சினை கிடையாது. அங்கேயும் இருட்டு என்றால்தான் குப்பியைச் சந்தேகிக்க வேண்டும்.

*யாரைக் கூப்பிடுவது:* அந்த நிலையில் விற்றவர்களின் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதுங்கள். லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்), மூன்று குழாய்களின் படங்கள், செல்களின் படம் எல்லாவற்றையும் இணைத்து, எந்த ஃபிக்ஸிங்கில் எந்த மாதிரியில் சோதித்தீர்கள் என்று நேராகக் கேளுங்கள். வெஸ்டர்னில் (புரதங்களை ஜெல்லில் பிரித்து மெம்பிரேனில் பட்டையாகப் பார்க்கும் முறையில்) மட்டும் சோதித்தது என்று பதில் வந்தால் அந்தக் குப்பியோடு மேலும் மல்லுக்கட்ட வேண்டாம்.

## அறிகுறி 2: மேற்பரப்பு ஒளிர்கிறது, உள்ளே இருட்டு

முதுகுநாண் கருவின் நடுவில் இருப்பதால் பிராக்யூரியில் இது வழக்கமான தலைவலி. முதலில், ஆன்டிபாடி உள்ளே போகவில்லையா, ஒளி வெளியே வரவில்லையா என்று பிரியுங்கள். டாபியும் உள்ளே மங்கினால் அது ஒளியின் பிரச்சினை: லென்ஸின் வேலைத் தூரம் போதவில்லை, அல்லது திசு ஒளியைச் சிதறடிக்கிறது. கருவைக் கிளிசராலில் படிப்படியாக ஏற்றித் தெளிவாக்கிப் பாருங்கள். டாபி ஆழத்தில் தெளிவாக இருந்து ஆன்டிபாடி மட்டும் இல்லை என்றால் ஊடுருவல் குறைவு. டாபி மிகச் சிறிய மூலக்கூறு, ஐஜிஜியோ சுமார் 150 கிலோடால்டன். டாபி போன இடத்துக்கெல்லாம் ஐஜிஜி போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஊடுருவலுக்கு வரிசை இது. கருவைச் சுற்றியுள்ள மஞ்சள்கருப் பையையும் அம்னியானையும் உரித்தீர்களா? மீன் என்றால் கோரியானை நீக்கினீர்களா? அப்புறம் ட்ரைட்டானை (சவ்வில் துளையிடும் சோப்பு போன்ற பொருள்) 0.1 சதவீதத்திலிருந்து 0.5, தேவைப்பட்டால் 1 சதவீதம் வரை உயர்த்துங்கள். பிரைமரியில் ஓர் இரவு போதாது, 9.5 நாள் கருவுக்கு 4 டிகிரியில் மெதுவாக ஆட்டியபடி இரண்டு மூன்று நாள் கொடுங்கள். செகண்டரிக்கும் அதே பொறுமை வேண்டும். பிரைமரிக்கு மூன்று நாள் கொடுத்துவிட்டு செகண்டரியை இரண்டு மணி நேரத்தில் எடுத்தால் உள்ளே இருட்டாகத்தான் இருக்கும்.

அதுவும் பலிக்காவிட்டால் கருவை வெட்டுங்கள். வால் பாதியைத் தனியாக ஸ்டெயின் செய்யலாம், அல்லது வைப்ரட்டோமில் 100 மைக்ரான் துண்டுகளாக்கலாம். முழுக் கருவும் ஒரே படமாக வேண்டும், கருவோ பெரியது என்றால் அது இமேஜிங் மையத்தின் வேலை: கரைப்பான் முறையில் தெளிவாக்கி லைட்-ஷீட் மைக்ராஸ்கோப்பில் எடுப்பார்கள். ஸ்டெயினிங் தொடங்கும் முன்பே அவர்களோடு பேசுங்கள். எந்தச் சாயம் அவர்களுடைய கரைப்பானைத் தாங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

## அறிகுறி 3: கரு முழுக்க ஒளிர்கிறது

இரண்டாவது குழாயைப் பாருங்கள். கூடவே எந்த ஆன்டிபாடியும் போடாத கரு ஒன்றையும் பாருங்கள்.

ஆன்டிபாடியே போடாத கருவும் ஒளிர்ந்தால் அது திசுவின் சொந்த ஒளி. ரத்த அணுக்களும் மீனின் மஞ்சள்கருவும் பச்சை அலைவரிசையில் நன்றாகவே மின்னும். செகண்டரியைத் தொலைசிவப்புச் சாயத்துக்கு மாற்றுவது எளிய தீர்வு. மெத்தனாலைத் தாங்கும் ஆன்டிபாடி என்றால், மெத்தனால், டி.எம்.எஸ்.ஓ., ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த கரைசலில் கருவை வெளுக்கலாம். குளூட்டரால்டிஹைடு கலந்து ஃபிக்ஸ் செய்திருந்தால் அதை நிறுத்துங்கள்.

செகண்டரி மட்டும் போட்ட கரு ஒளிர்ந்தால் இரண்டு கேள்வி. பிரைமரி ஆட்டில் செய்தது, ப்ளாக்கிங் ஆட்டு சீரத்தில் நடந்ததா? அப்படியானால் செகண்டரி ப்ளாக்கிங் சீரத்தையே பிடித்துக்கொள்ளும். செகண்டரி எந்த விலங்கில் செய்ததோ அந்த விலங்கின் சீரத்தில்தான் ப்ளாக் செய்ய வேண்டும். கழுதையில் செய்த செகண்டரிக்குக் கழுதை சீரம், 5 முதல் 10 சதவீதம். ஆட்டு ஐஜிஜியைப் பிடிக்கும் செகண்டரி மாட்டு ஐஜிஜியையும் பிடிக்கக்கூடும். எனவே பால் பவுடரும் தரம் குறைந்த பி.எஸ்.ஏ.வும் (மாட்டுச் சீரப் புரதம்) இங்கே வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: எலிக் கருவில் எலி ஆன்டிபாடியா? தாயின் ஐஜிஜி கருவைச் சுற்றிலும் இருக்கும். செகண்டரி அதையெல்லாம் பிடிக்கும். கருவைச் சூழ்ந்த தாயின் திசுவான டெசிடுவாவைச் சுத்தமாக நீக்கி, எலி ஐஜிஜிக்கு எதிரான ஃபேப் துண்டால் (ஆன்டிபாடியின் பிடிக்கும் கை மட்டும்) முன்கூட்டியே மூடலாம். முயலில் செய்த பிராக்யூரி ஆன்டிபாடிக்கு மாறிவிடுவது அதைவிட நிம்மதி.

முழு ஸ்டெயினிங் குழாய் மட்டும் ஒளிர்ந்தால் பிரைமரி அதிகம், அல்லது கழுவியது போதாது. அளவைப் பாதியாக்குங்கள். ஒரு மணி நேரம் வீதம் ஐந்தாறு முறை கழுவி, கடைசிக் கழுவலை இரவு முழுக்க விடுங்கள். ப்ளாக்கிங்குக்கு முன் 0.1 மோலார் கிளைசினில் வைத்து மிச்சமிருக்கும் ஆல்டிஹைடுகளை அடக்கிவிடுங்கள்.

## அறிகுறி 4: குழிகளில் மட்டும் தேங்கி ஒளிர்கிறது

நரம்புக்குழலின் உள்ளே, இதய அறைகளில், அம்னியான் குழியில் மங்கலான மேகம்போல் நின்றால் அது ஆன்டிபாடி வெளியேற வழியில்லாமல் தேங்கியது. பின்மூளையின் மெல்லிய கூரையை நுண்ணூசியால் குத்தித் திறந்துவிட்டுக் கழுவுங்கள். உட்கரு வடிவம் தெரியாத எந்த ஒளிர்வையும் பிராக்யூரி என்று எண்ண வேண்டாம்.

## அறிகுறி 5: மணல் தூவினாற்போல் புள்ளிகள்

திரண்டுபோன ஆன்டிபாடி. பிரைமரி, செகண்டரி இரண்டையும் பயன்படுத்தும் முன் 4 டிகிரியில் முழு வேகத்தில் 10 நிமிடம் சுழற்றி மேல்நீரை மட்டும் எடுங்கள். ப்ளாக்கிங் கரைசலை 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுங்கள்.

## அறிகுறி 6: அழகாக ஒளிர்கிறது, ஆனால் இடம் தப்பு

எனக்கு மிகவும் கவலை தருவது இந்த அறிகுறிதான். இருட்டாக வந்த படம் யாரையும் ஏமாற்றாது. பளிச்சென்று வந்த தப்பான படம் ஆய்வுக் கட்டுரைக்குள் போய், அதைப் பார்த்து இன்னொருவர் சோதனை திட்டமிட்டு ஓராண்டை இழக்கிறார்.

பிராக்யூரி உட்கருவில் வேலை செய்யும் புரதம். டாபியோடு சேர்த்துப் பாருங்கள். ஒளிர்வு உட்கருவைச் சுற்றியோ செல் சவ்விலோ இருந்தால் நம்பாதீர்கள். முன்மூளையோ இதயமோ ஒளிர்ந்தாலும் அப்படியே.

முதலில் கசிவு. பக்கத்துச் சாயத்தின் ஒளி இந்த அலைவரிசைக்குள் கசிகிறதா? ஒவ்வொரு சாயமும் தனித்தனியே போட்ட கருக்களை எல்லா அலைவரிசையிலும் படமெடுத்தால் தெரிந்துவிடும். பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி. புரதம் கொண்ட எலி வரிசை என்றால் பச்சைச் சாயத்தைத் தவிருங்கள்.

பிறகு உறவுப் புரதங்கள். பிராக்யூரிக்கு டி-பாக்ஸ் குடும்பத்தில் நிறைய உறவுகள். டி.என்.ஏ.வைப் பிடிக்கும் பகுதி எல்லாவற்றிலும் ஒத்திருக்கும். அந்தப் பகுதியைக் காட்டித் தயாரித்த ஆன்டிபாடி டி.பி.எக்ஸ்.6, ஈயோமெஸ் போன்றவற்றையும் பிடிக்க வாய்ப்பு உண்டு. இங்கே முதுகுநாண் நல்ல சாட்சி. சோமைட் ஆகப்போகும் மீசோடெர்ம் பளிச்சென்று இருந்து, வெட்டுத் துண்டில் பார்த்தும் முதுகுநாண் இருட்டாக இருந்தால், நீங்கள் பார்ப்பது டி.பி.எக்ஸ்.6 ஆக இருக்கலாம். முழுக் கருவை வைத்து இந்த முடிவுக்கு வராதீர்கள். அங்கே முதுகுநாண் இருட்டாக இருப்பதற்கு அறிகுறி 2 போதும். எந்தப் பகுதியைக் காட்டித் தயாரித்தது என்று தகவல் தாளில் பாருங்கள், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஜீப்ரா மீனில் இந்த ஜீனுக்கு இரண்டு பிரதிகள் இருப்பதால், எந்தப் பிரதியின் புரதம் என்றும் கேட்க வேண்டும்.

அடுத்து இன் சிட்டு, அதாவது எம்.ஆர்.என்.ஏ.வைக் கருவிலேயே அடையாளம் காட்டும் முறை. அதே வயதுக் கருவில் பிராக்யூரி எம்.ஆர்.என்.ஏ. எங்கே என்று பார்த்து ஒப்பிடுங்கள். எம்.ஆர்.என்.ஏ. மறைந்த பிறகும் புரதம் கொஞ்ச நேரம் தங்கலாம் என்பதால் விளிம்புகள் அச்சாகப் பொருந்தாது. பொதுவான வடிவம் பொருந்த வேண்டும்.

ஆன்டிபாடி தயாரிக்கக் காட்டிய புரதத் துண்டை அதனோடு கலந்து பார்க்கும் பெப்டைடு போட்டி என்ற சோதனையைச் சிலர் இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். பெப்டைடைக் கலந்ததும் ஒளி போய்விட்டது என்றால், ஆன்டிபாடி அந்தப் பெப்டைடைப் பிடிக்கிறது என்றுதான் பொருள். கருவில் அது வேறெதையும் பிடிக்கவில்லை என்று அது சொல்லாது.

தீர்ப்பு சொல்லக்கூடியது புரதமே இல்லாத கரு. குட்டை வால் எலிகளாக 1927-இல் நடேஷ்டா டோப்ரோவோல்ஸ்காயா-சாவட்ஸ்காயா விவரித்த மரபு மாற்றம் இந்த ஜீனில்தான். 1990-இல் ஜீன் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. ஒரு பிரதி கெட்டால் வால் குட்டை. இரண்டும் கெட்டால் கரு 10 நாள் தாண்டியதும் இறந்துவிடும். ஆகவே 7.5 முதல் 9.5 நாள் வரை எடுக்கலாம். குட்டை வால் எலிகள் இரண்டை இணைத்தால் கருக்களில் கால் பங்குக்குப் புரதம் இருக்காது. மஞ்சள்கருப் பையிலிருந்து டி.என்.ஏ. எடுத்து எந்தக் கரு எது என்று உறுதிசெய்து, உடன்பிறந்த நல்ல கருவோடு ஒரே குழாயில் ஸ்டெயின் செய்யுங்கள். 1927-இல் விவரித்த அந்தப் பழைய மாற்றத்தில் (பெயர் டி) அந்த ஜீன் முழுதாக நீங்கியிருப்பதால் எந்த ஆன்டிபாடியையும் இதில் சோதிக்கலாம். புரதமே இல்லாத கருவிலும் ஒளி வந்தால் ஆன்டிபாடியைக் கைவிடுங்கள்.

*யாரைக் கூப்பிடுவது:* எலி வரிசை கையில் இல்லாதவர்கள் அதை வைத்திருக்கும் ஆய்வகத்திடம் ஃபிக்ஸ் செய்த கருக்களைக் கேட்கலாம். வரிசையை வாங்கி வளர்ப்பதைவிடச் செலவு மிகக் குறைவு.

## அறிகுறி 7: போன குப்பி வேலை செய்தது, இது செய்யவில்லை

பாலிகுளோனல் (விலங்கின் சீரத்திலிருந்து எடுத்த பலவகை ஆன்டிபாடிக் கலவை) என்றால் லாட் மாறியதும் விலங்கே மாறியிருக்கலாம். அதைப் புது ஆன்டிபாடியாக நினைத்து அளவுச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். பழைய குப்பியில் கடைசிச் சொட்டு வரை தீர்க்காமல் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிட அது ஒன்றே வழி. லாட் மாறவில்லை என்றால் சேமிப்பைப் பாருங்கள். உறைவதும் உருகுவதுமாகப் பலமுறை போய்வந்ததா? தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசரில் இருந்ததா? வந்த அன்றே சிறு பங்குகளாகப் பிரித்து, ஆன்டிபாடிப் பதிவு எண்ணையும் லாட் எண்ணையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.

நீண்ட கால வேலைக்கு மோனோகுளோனலோ, அதைவிட நிலையான ரீகாம்பினன்டோ (ஜீன் வரிசையிலிருந்து செய்தது) நல்லது. வளர்ச்சி உயிரியலில் புழங்கும் பல மோனோகுளோனல்களை 1986-இல் தொடங்கி, இப்போது அயோவா பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஹைப்ரிடோமா வங்கி குறைந்த விலைக்குத் தருகிறது. உங்கள் புரதத்துக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா என்று வேறு எங்கும் ஆர்டர் போடும் முன் தேடுங்கள்.

## அறிகுறி 8: வெஸ்டர்னில் பட்டை வருகிறது, கருவில் ஒன்றுமில்லை

எலியின் பிராக்யூரியில் 436 அமினோ அமிலங்கள். பட்டை 50 கிலோடால்டன் பக்கம் வரும். ஐஜிஜியின் கனச் சங்கிலியும் அதே 50-இல்தான். எலி ஆன்டிபாடியும் எலிக் கருச் சாறும் சேர்ந்தால், நீங்கள் பார்த்து மகிழும் பட்டை தாயின் ஐஜிஜியாக இருக்கலாம். செகண்டரி மட்டும் போட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். கருக்களை ரத்தமின்றிக் கழுவி, முயல் ஆன்டிபாடிக்கு மாறுங்கள். பட்டை உண்மையானதுதான் என்றால், அந்த ஆன்டிபாடி விரிந்த புரதத்தை மட்டும் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டு, அறிகுறி 1-இல் சொன்ன சூடாக்கும் முறையைக் கருவில் செய்து பாருங்கள்.

## எந்த ஆன்டிபாடியும் தேறவில்லை என்றால்

இரண்டு வழி மிச்சம், இரண்டுமே செலவு. புதிதாக ஆன்டிபாடி செய்யக் கொடுப்பது ஒன்று. டி-பாக்ஸ் பகுதியைத் தவிர்த்து, உறவுப் புரதங்களோடு ஒத்துப்போகாத முனைப் பகுதியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கருவில் ஒளிர்ந்தால்தான் ஏற்போம் என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். இன்னொன்று, கிறிஸ்பர் மூலம் ஜீனிலேயே எச்.ஏ. அல்லது வி5 போன்ற சிறு டேக்கை (அடையாளத் துண்டை) செருகி, நன்கு சோதிக்கப்பட்ட டேக் ஆன்டிபாடியால் பார்ப்பது. இதை ஜீன் மாற்ற எலிகள் உருவாக்கும் மையத்திடம் விட்டுவிடுங்கள். இரண்டில் எனக்கு டேக் மேல்தான் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் டேக் இல்லாத உடன்பிறந்த கருவே அதற்குச் சரியான ஒப்பீடு. ஒரு எச்சரிக்கை: டேக் செருகிய எலிகளின் வாலை அளந்து பாருங்கள். வால் குட்டையாக இருந்தால் டேக் புரதத்தின் வேலையைக் கெடுத்திருக்கிறது. வேறு முனையில் செருகி மறுபடி தொடங்க வேண்டும்.